வெந்நீர் தாமதமும் கருகிய பிளக்கும்: ஒரு கீசர் இணைப்பின் அளவீட்டு ஆய்வு

கோவை மாவட்டத்தின் புறநகர்ப் பகுதி ஒன்றில், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் ஒரு மாடி வீட்டில், மேல்மாடிக் குளியலறையில் இருந்த 15 லிட்டர் கீசர் பற்றி வீட்டார் இரண்டு குறைகளைச் சொன்னார்கள். முன்பெல்லாம் காலையில் இருபது நிமிடத்துக்குள் காய்ந்துவிடும் தண்ணீர், இப்போது கிட்டத்தட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது முதல் குறை. கீசரின் பிளக் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, சில நாள்களில் பிளாஸ்டிக் கருகும் வாடையும் வருகிறது என்பது இரண்டாவது. அவர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

அதற்கு முன்பே அங்கு வந்துபோன எலக்ட்ரீஷியன், உப்புத் தண்ணீரால் காயிலில் உப்புப் படிந்துவிட்டது, காயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். உறவினர் ஒருவரோ, வோல்டேஜ் குறைவதால்தான் பிளக் சுடுகிறது, ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் இரண்டும் தீரும் என்று யோசனை சொல்லியிருந்தார். இரண்டுமே கேட்பதற்குப் பொருத்தமாகத் தெரியும் யோசனைகள்தாம். ஆனால் இரண்டும் எந்த அளவீட்டின் மீதும் நிற்கவில்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சரியான இடங்களில் அளந்தால், வகுத்தல் ஒன்று, பெருக்கல் ஒன்று என்ற அளவிலேயே இவ்விரு யோசனைகளையும் சோதித்துவிட முடியும். அந்தச் சோதனை எப்படிச் செய்யப்பட்டது, எண்கள் எதைக் காட்டின என்பதே இந்த ஆய்வு.

பெயர்ப்பலகை சொல்வது

கீசரின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்த பலகையில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருந்தது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் காயிலின் மின்தடை கிடைக்கும்: 230 ÷ 8.7 = ஏறத்தாழ 26.4 ஓம். கீசர் நல்ல நிலையில் இருந்தால், எந்த மின்னழுத்தத்தில் அளந்தாலும் இந்த 26.4 ஓம் பெரிதாக மாறக் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியம் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஏனெனில் டங்ஸ்டனின் மின்தடை வெப்பத்தோடு பல மடங்கு ஏறும். கீசர் காயிலில் இருப்பது நிக்ரோம் கம்பி. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அதன் மின்தடை, குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் இடையே சில விழுக்காடு மட்டுமே மாறும். அதுபோலவே, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் என்ற கணக்கு கீசருக்கு அப்படியே பொருந்தும். பக்கத்து அறையில் ஓடும் தண்ணீர் மோட்டாருக்குப் பொருந்தாது. மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி ஓடுவதால், அங்கே திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இந்த ஆய்வுக்குக் கீசர் கிடைத்தது ஒரு வகையில் வசதியே.

அளவீடு

முதல் அளவீடு நண்பகலில் எடுக்கப்பட்டது. மாடியின் மெயின் போர்டில் கீசர் அணைந்திருந்தபோது 228 வோல்ட். கீசரைப் போட்டதும் 226 வோல்ட். கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் ஃபேஸ் கம்பியை மட்டும் விட்டுப் பார்த்தபோது 8.2 ஆம்பியர். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் இரு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று நீக்கிச் சுழியம் காட்டும் என்பதால், கீசரின் உறையைத் திறந்து கம்பிகளைப் பிரித்த பிறகே இதை அளக்க முடிந்தது. கீசரின் உள் டெர்மினலில், அதாவது காயிலின் இரு முனைகளுக்கு இடையில், 217 வோல்ட்.

கடைசி இரண்டு எண்களே முதல் யோசனையைத் தீர்த்துவைத்தன. 217 ÷ 8.2 = 26.5 ஓம். கிளாம்ப் மீட்டரின் வாசிப்பில் இரண்டு விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்பதால், மின்தடை 26-க்கும் 27-க்கும் இடையில் இருக்கிறது என்று சொல்வதே நேர்மையானது. அதற்கு மேல் புள்ளிக்குப் பின் எழுதும் இலக்கங்கள் வெறும் அலங்காரம். எப்படிப் பார்த்தாலும் பெயர்ப்பலகைக் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. காயில் நன்றாக இருக்கிறது. உப்புப் படிந்திருந்தது உண்மை. உறையைத் திறந்தபோதே விளிம்பில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் உப்புப் படலம் காயிலின் உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடையை மாற்றுவதில்லை. படலத்துக்கு உள்ளே காயில் கூடுதலாகச் சூடேறும், அதன் ஆயுள் குறையும். எனினும் அது உண்டாக்கும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிரப் போக்கிடம் இல்லை. புதிய 2000 வாட் காயிலைப் போட்டிருந்தால் அதே 26.4 ஓம், அதே 8.2 ஆம்பியர், அதே தாமதம்.

மெயின் போர்டில் 226, காயிலில் 217. இடையில் 9 வோல்ட் எங்கே போனது? இரு இடங்களின் அளவைக் கழித்துப் பார்ப்பது எளிது, ஆனால் அந்த முறையை நம்ப முடியாது. ஒரு விழுக்காடு பிழையுள்ள மீட்டரில் 220 வோல்ட்டை வாசித்தால் பிழையே இரண்டு வோல்ட்டுக்கு மேல். அதோடு, ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நடப்பதற்குள் தெருவில் யாரோ மோட்டார் போட்டால் மொத்த அளவும் மாறிவிடும். தேடுவதோ மூன்று நான்கு வோல்ட். ஆகவே இழப்பை நேரடியாக அளக்க வேண்டும்: ஒரே கம்பியின் தொடக்கத்தில் ஒரு முனையும் முடிவில் மறு முனையும் வைத்து, மீட்டரைக் குறைந்த மின்னழுத்த அளவுக்கு மாற்றி, மின்னோட்டம் ஓடும்போதே வாசிக்க வேண்டும். மெயின் போர்டுக்கும் குளியலறைச் சாக்கெட்டுக்கும் இடையே கம்பிப் பாதை 18 மீட்டர் என்பதால், மீட்டரின் ஒரு முனையோடு நீளமான மெல்லிய வயர் ஒன்றை இணைத்துப் படிக்கட்டு வழியாக இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பல மெகா ஓம். அதனால் இந்த வயர் வழியாக ஓடும் மின்னோட்டம் பொருட்படுத்தத் தேவையில்லாதது. வயர் மெல்லியதாக இருப்பதால் அளவு கெடாது. உயிருள்ள முனைகளில் செய்யும் வேலை இது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் உடனிருந்தே செய்யப்பட்டது.

கிடைத்தவை இவை. மெயின் போர்டிலிருந்து சாக்கெட்டின் பின்பக்கத் திருகு வரை, போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து 3.8 வோல்ட். சாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து கீசரின் டெர்மினல் வரை ஃபேஸ் பாதையில் 4.8 வோல்ட், நியூட்ரல் பாதையில் 0.5 வோல்ட். மூன்றையும் கூட்டினால் 9.1, காணாமல்போன 9 வோல்ட் கணக்கில் வந்துவிட்டது.

எண்களைப் படித்தல்

முதலில் 3.8 வோல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதை 8.2-ஆல் வகுத்தால் 0.46 ஓம். சுவருக்குள் ஓடும் கம்பியின் மின்தடையாக இது இருக்க முடியுமா என்பதைத் தனியாகக் கணக்கிடலாம். தாமிரத்தின் தன்மின்தடைப்படி, ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கம்பிக்கு 20 பாகை செல்சியசில் 0.0172 ஓம். போகவர 36 மீட்டர், கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். 0.0172 × 36 ÷ 1.5 = 0.41 ஓம். சுவரின் சூட்டையும் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), சாதாரண சுவிட்ச் ஆகியவற்றின் சிறு தடைகளையும் சேர்த்தால் 0.46 என்பது எதிர்பார்க்கத் தக்க அளவே. கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்திருக்க வேண்டும். வீடு கட்டியவர் சிக்கனம் பார்த்திருக்கிறார். ஆனால் கம்பியில் பழுது இல்லை.

ஃபேஸ் பாதையின் 4.8 வோல்ட்டுக்கு அப்படியொரு சமாதானம் கிடையாது. அந்தப் பாதையில் இருப்பது ஒன்றரை மீட்டர் நீளக் கீசர் வயரும், பிளக்கின் ஒரு பின்னும், சாக்கெட்டின் ஒரு குழாயும் மட்டுமே. வயருக்கு உரிய பங்கு 0.14 வோல்ட். மீதி 4.7 வோல்ட் முழுவதும், விரல் நுனியளவு இடத்தில், பின்னும் குழாயும் தொடும் தொடுபரப்பிலும் பின்னின் திருகிலும் இழக்கப்படுகிறது. 4.7 ÷ 8.2 = 0.57 ஓம். அதே அமைப்புடைய நியூட்ரல் பக்கத்தில் இந்தத் தொடுமின்தடை 0.04 ஓம்தான். இரண்டு பின்களும் ஒரே வயது, ஒரே பயன்பாடு; ஒன்றில் மட்டும் பதினான்கு மடங்கு தடை.

இப்போது திறன். மெயின் போர்டிலிருந்து உறிஞ்சப்படுவது 226 × 8.2 = 1853 வாட். காயிலில் 217 × 8.2 = 1779 வாட். சுவர்க் கம்பியில் 3.8 × 8.2 = 31 வாட். ஃபேஸ் பின்னில் 4.7 × 8.2 = 38 வாட்.

கடைசி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 31, 38: ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் 31 வாட் 36 மீட்டர் நீளத்தில் பரவுகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு வாட்டுக்கும் குறைவு, சுவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 38 வாட்டோ ஒரு பித்தளைப் பின்னின் நுனியில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் குவிகிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்; ஈயத்தை உருக்க அதுவே போதும். அதைவிடச் சற்றுப் பெரியது ஒன்றைச் சாக்கெட்டுக்குள் செருகி வைத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஒட்டுமொத்தத் திறனில் இந்த 38 வாட் இரண்டு விழுக்காடுதான். மின்கட்டணத்தில் இது தெரியாது. நாளைக்கு அரை மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மட்டுமே. எம்சிபிக்கும் இது தெரியாது. எம்சிபி பார்ப்பது மின்னோட்டத்தை மட்டுமே. தொடுமின்தடை கூடும்போது மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகிறது. பிளக் உருகிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். என் பார்வையில், வீட்டு மின்இணைப்புகளில் இதுவே மிக அதிகமாகக் கவனிக்கத் தவறப்படும் பழுது.

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவிலும் இது பிடிபடவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதே பாதையை அளந்தபோது மீட்டர் 0.4-க்கும் 0.7-க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தது. அதில் மீட்டரின் சொந்த வயர்களின் தடையே 0.3. ஓம் அளவின்போது மீட்டர் அனுப்புவது ஓரிரு மில்லி ஆம்பியர் மட்டுமே. எட்டு ஆம்பியர் ஓடிச் சூடேறி விரிந்து நிற்கும் தொடுபரப்பின் நிலையை அந்த மெல்லிய மின்னோட்டத்தால் அறிய முடியாது. சுமை ஓடும்போது மின்னழுத்த இழப்பையும் மின்னோட்டத்தையும் அளந்து வகுப்பதே இங்கு நம்பத்தக்க வழி.

ஸ்டெபிலைசர் போட்டிருந்தால்

உறவினரின் யோசனையையும் இதே கணக்கால் சோதிக்கலாம். ஸ்டெபிலைசர் 240 வோல்ட்டைச் சாக்கெட்டுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அதன் பிறகு வரும் மொத்த மின்தடை 26.45-உம் 0.65-உம் சேர்ந்து 27.1 ஓம். மின்னோட்டம் 8.86 ஆம்பியர். ஃபேஸ் பின்னின் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை 0.57-ஆல் பெருக்க, 45 வாட். தண்ணீர் சற்று விரைவாகக் காயும். பிளக் முன்னைவிட விரைவாகக் கருகும். காயிலை மாற்றுகிற சாக்கில் 3000 வாட் காயிலாகப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மின்னோட்டம் 12 ஆம்பியருக்கு ஏறி, அதே பின்னில் 82 வாட் எரிந்திருக்கும்.

வோல்டேஜ் குறைவதால் பிளக் சுடுகிறது என்பது கீசர் விஷயத்தில் தலைகீழான புரிதல். மோட்டாருக்கு அது உண்மை. குறைந்த மின்னழுத்தத்தில் அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டம் எடுக்கும். காயில் அப்படியல்ல, மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். வீட்டாரிடம் மீண்டும் விசாரித்தபோது, கருகல் வாடை வந்த நாள்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் என்றார்கள்; தண்ணீர் தாமதமாகக் காய்வது வார நாள்களின் காலைகளில். இரு குறைகளும் ஒரே நேரத்தில் தலைகாட்டவில்லை என்பதே, அவற்றுக்குக் காரணம் ஒன்றல்ல என்பதற்கு முதல் சான்று.

காலை நேரம்

நண்பகல் அளவீடுகளிலிருந்து, மின்கம்பத்திலிருந்து காயில் வரையிலான மொத்த மின்தடையைக் கூட்டிவிடலாம். கீசரைப் போட்டதும் மெயின் போர்டில் விழுந்த 2 வோல்ட்டை 8.2-ஆல் வகுத்தால் 0.24 ஓம், இது வீட்டுக்கு வெளியே உள்ள வழங்கல் பாதையின் பங்கு. அதோடு சுவர்க் கம்பி 0.46, பிளக் பகுதி 0.65, காயில் 26.45. மொத்தம் 27.8 ஓம். சுமை ஏறியதும் மூலத்தின் மின்னழுத்தமே இறங்கும் இந்தச் சங்கடம், மின்தடை அலகுக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் தமது சோதனைகளைத் தொடங்கிய காலத்திலிருந்தே இருப்பதுதான். 1825-இல் மின்கல அடுக்குகளைப் பயன்படுத்தியபோது அளவுகள் நிலைகொள்ளாமல் அவர் சிரமப்பட்டு, பிறகு இயற்பியலாளர் பொக்கென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, வெப்பநிலை வேறுபாட்டால் நிலையான மின்னழுத்தம் தரும் வெப்பமின் இரட்டைக்கு மாறிய பிறகே அவருடைய விதிக்குத் தெளிவான அளவுகள் கிடைத்தன.

டிசம்பர் மாதக் காலை ஆறரை மணிக்கு மெயின் போர்டில் சுமையில்லாத மின்னழுத்தம் 204 வோல்ட். கீசரைப் போடும் முன்பே எதிர்பார்க்கும் மின்னோட்டம் தாளில் எழுதப்பட்டது: 204 ÷ 27.8 = 7.3 ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் காட்டியதும் 7.3. காயிலில் எதிர்பார்த்தது 194 வோல்ட், கிடைத்தது 193. எனவே காலையில் காயில் தருவது 193 × 7.3, அதாவது சுமார் 1410 வாட். 2000 வாட் என்று எழுதியிருக்கும் கீசர், குளிர்காலத்துக் காலையில் எழுபது விழுக்காடு மட்டுமே வேலை செய்கிறது.

தண்ணீருக்கு இது என்னவாகிறது? தொட்டியிலிருந்து வரும் நீர் 24 பாகை, கீசர் அணையும் அளவு 60 பாகை என்று கொண்டால், 15 கிலோ நீரை 36 பாகை உயர்த்த 15 × 4.186 × 36 = 2260 கிலோ ஜூல் வேண்டும். முழு 2000 வாட்டில் 19 நிமிடம். 1410 வாட்டில் 27 நிமிடம். வீட்டார் சொன்ன இருபது நிமிடமும் கிட்டத்தட்ட அரை மணியும் இந்த இரு எண்களுக்கு அருகிலேயே நிற்கின்றன.

இந்த இழப்பில் பிளக்கின் பங்கு எவ்வளவு? பிளக்கும் கம்பியும் தடையே இல்லாதவை என்று வைத்துக்கொண்டாலும், 204 வோல்ட்டில் காயில் தரக்கூடியது 204 × 204 ÷ 26.45 = 1573 வாட்; 24 நிமிடம். தாமதத்தின் பெரும்பகுதி, தெரு முழுவதும் கீசரும் மோட்டாரும் ஓடும் காலை நேரத்தில் பாதையின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வந்துசேரும் தாழ்ந்த மின்னழுத்தத்தால் வருவது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பதினொரு விழுக்காடு மின்னழுத்தக் குறைவு இருபத்தோரு விழுக்காடு திறன் குறைவாகிறது.

சீரமைப்பு

பிளக்கைத் திறந்தபோது ஃபேஸ் பின்னின் திருகு தளர்ந்து, அதில் செருகியிருந்த செம்பு இழைகளில் ஒரு பகுதி கருத்து ஒடிந்திருந்தது. சாக்கெட்டின் ஃபேஸ் குழாய் நீலம் பாய்ந்து, பிடிப்பு விட்டுப்போய், பின் அதற்குள் ஆடியது. தளர்ச்சி சூட்டைத் தரும். சூடு பித்தளையின் வில்விசையைத் தளர்த்தி, பரப்பில் ஆக்சைடு படியவைக்கும். அது தடையைக் கூட்டி மேலும் சூடேற்றும். தானாக நிற்காத சுழற்சி இது. பழைய பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் போடுவதில் பயனில்லை. வில்விசை போன குழாய் மீளாது. சாக்கெட்டும் பிளக்கும் 16 ஆம்பியர் அளவில் புதிதாக மாற்றப்பட்டன, இழைகள் முறுக்கி லக் எனும் உலோக முனை வைத்துத் திருகப்பட்டன.

மாற்றிய பிறகு நண்பகலில் 229 வோல்ட் வழங்கலில் 8.4 ஆம்பியர் ஓடியபோது, ஃபேஸ் பாதையின் இழப்பு 4.8 வோல்ட்டிலிருந்து 0.22 வோல்ட்டாக இறங்கியது. வயரின் பங்கைக் கழித்தால் தொடுபரப்பில் 0.08 வோல்ட், 38 வாட் இருந்த இடத்தில் முக்கால் வாட்டுக்கும் குறைவு. அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகும் பிளக் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

காலை வெந்நீரில் வீட்டார் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை; ஒன்றரை நிமிடம் குறைந்ததை யாரும் உணரவில்லை. கணக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தபடியால், வேலையைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் தெரிவிக்கப்பட்டிருந்தது. தாழ்வழுத்த இணைப்பில் மின்னழுத்தம் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54-ஆம் விதியாக இருந்த பழைய நெறி; 230 வோல்ட்டுக்கு அது 216. மெயின் போர்டில் சுமையோடும் சுமையின்றியும் எடுத்த காலை நேர அளவுகளை நேரம் குறித்து எழுதி, வீட்டுக்குள் சீரமைத்த விவரத்தையும் சேர்த்து, வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கப்பட்டது. சுமையில்லாத நிலையிலேயே 204 என்பதால், குறை வீட்டு வயரிங்கில் இருக்கிறது என்று யாரும் திருப்பி அனுப்ப வழியில்லை. அந்தத் தெருவில் ஒரே ஃபேஸில் அதிக வீடுகள் தொங்கிக்கொண்டிருந்தது தெரியவந்து, சில இணைப்புகள் வேறு ஃபேஸுக்கு மாற்றப்பட்டன. சுவர்க் கம்பியும் இதற்கிடையே 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றப்பட்டதால் மொத்த மின்தடை 27.06 ஓமாகக் குறைந்தது. அதன்பின் ஒரு காலையில் சுமையில்லாத மின்னழுத்தம் 219 வோல்ட். எதிர்பார்த்த மின்னோட்டம் 8.1 ஆம்பியர், அளந்ததும் அதுவே. காயிலின் திறன் 1730 வாட்டைத் தாண்டியது. வெந்நீருக்கான கணக்கு 22 நிமிடம்.